நான் கத்திய மதியம்

என் கன்னத்தில் அடி விழுந்து மூன்று மாதம் கழித்துத்தான் கோபமாக வருகிறவர்களைச் சமாளிக்கும் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள்.

மரக்காணம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நர்சாக இருக்கிறேன். அடித்தவர் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். மூச்சுத் திணறிய அப்பாவைத் தூக்கிக்கொண்டு களத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரை உப்பு காய்ந்திருந்தது. டாக்டர் வேறு ஊரில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். ஆக்சிஜன் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அது வரத் தாமதமானது. அதற்குள் அடித்துவிட்டார். அப்பா பிழைத்துக்கொண்டார். நான் புகார் கொடுக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, ஸ்டேஷனுக்கு அலையத் தெம்பில்லை.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். குரலைத் தாழ்த்துங்கள், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள், தொடாதீர்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு நடித்துக் காட்டச் சொன்னார். வேறு ஊரிலிருந்து வந்த மருந்தாளுநர், மீசை நரைத்தவர், நர்சாக நின்றார். நான் நோயாளியின் சொந்தக்காரி.

என்ன பேசுவதென்று யோசிக்கவே இல்லை.

“இன்னாங்க, எவ்ளோ நேரமா நிக்கிறோம்? டாக்டர் எங்க? உங்க அப்பாவா இருந்தா இப்படித்தான் வுடுவீங்களா?”

அன்றைக்கு அவர் என்னிடம் கத்திய வார்த்தைகள்தான். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை.

“உக்காருங்கம்மா, டாக்டர் இப்ப வந்துடுவாரு,” என்றார் மருந்தாளுநர் பொறுமையாக.

நான் அன்றைக்குச் சொன்னதும் அதேதான். கேட்டதும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“வந்துடுவாரு வந்துடுவாருன்னா எப்பங்க? செத்தப்புறமா?”

மேஜையை ஓங்கித் தட்டினேன். தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். மருந்தாளுநர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“போதுங்க சிஸ்டர்,” என்றார் அந்த அம்மா.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அன்னிக்கு டாக்டர் இருந்திருந்தா அடிச்சிருப்பாரா?”

“மாட்டாருங்க.”

“டாக்டர் இல்லாததுக்கு என் கிளாஸ்ல வழி இல்லைங்க சிஸ்டர்,” என்றார். பல ஊர்களில் இதையே சொல்லிச் சலித்தவர் மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை.

அடுத்த வாரம் மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சல் குழந்தையோடு வந்து கத்தினார். டாக்டர் வந்திருக்கவில்லை.

“எப்ப வருவாருன்னு எனக்கும் தெரியலைங்க,” என்றேன். “காய்ச்சலுக்கு மருந்து குடுக்குறேன். ஒடம்பைத் தொடைச்சு வுடலாம், புள்ளைய புடிங்க.”

திட்டிக்கொண்டேதான் பிடித்தார். சூடு கொஞ்சம் இறங்கியதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அதே பதிலை, அதே தணிந்த குரலில் சொன்னேன். பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். சீட்டுகளை மட்டும் எடுத்து நீட்டினேன்.