ஆள்கொடியில் ஒரு காலி வட்டம்

பேய், முனி என்று யாராவது வாயைத் திறந்தால், நடுவில் புகுந்து ஊளையிட்டுக் கதையைக் கெடுக்கிற ரகம் நான். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் சிரிப்பவனும் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்குப் பட்டப்பகலில், ஒரு குடும்பமே கூடி நின்று பார்க்க, அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்து ஓடியவன் இந்த ஊளைக்காரன்தான்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு கொடிவழிச் சங்கம் இருந்தது. யார் யாருக்குப் பாட்டன், எந்தக் கிளை எந்த ஊருக்குப் போனது என்று தேடிப் பிடித்து வரைவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் கூடுவோம். கீழே தட்டச்சு சத்தம், மேலே தரையெல்லாம் சார்ட் பேப்பர், நடுவில் தூக்குவாளியில் சுண்டல். நான் பம்புசெட் விற்றுக்கொண்டிருந்தவன். சங்கத்தில் சேர்ந்தது வம்சத்துக்காக அல்ல, சுண்டலுக்காக. இன்றைக்கு அந்த மாடியை நினைத்தால் சுண்டலை விடவும், பெரியப்பா மகன் யார் சித்தப்பா மகன் யார் என்று மணிக்கணக்காகச் சண்டை போட்ட அந்த மனிதர்கள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

தலைவர் ரிட்டயர்டு சர்வேயர். எல்லோருக்கும் சர்வேயர் அண்ணாச்சி. வயலை அளந்த கை சும்மா இருக்காதே, அவர் ஒன்று கண்டுபிடித்தார். குடும்பங்கள் கூடுகிற இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கொடிவழியை வரைவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வட்டம். உயிரோடு இருப்பவர்கள் அவரவர் வட்டத்தில் நிற்க வேண்டும். செத்தவர்களுக்குப் பதிலாக வாரிசோ சங்கத்து ஆளோ நிற்க வேண்டும். இதற்குப் பெயர் ஆள்கொடி. வட்டம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். காலி வட்டங்களுக்கெல்லாம் நான்தான் நிரந்தர ஊழியன். எத்தனையோ பேருக்குக் கொள்ளுத்தாத்தாவாக நின்றிருக்கிறேன்.

பங்குனி உத்திரம் வந்தால் சங்கத்துக்குக் கைநிறைய வேலை. அன்றைக்கு எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எங்கே பிழைத்தாலும் தங்கள் குலத்துச் சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கலிடும். எந்தச் சாஸ்தா என்பதையே மறந்துவிட்டவர்கள் எங்களைத் தேடி வருவார்கள். அப்படித்தான் பம்பாயிலிருந்து சிவகாமியம்மாள் மகனோடு வந்தாள். இருதயத்தில் கோளாறு. இனி ரயிலில் இவ்வளவு தூரம் வரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

“எங்க மாமனார் சின்ன வயசுலயே ஊரை விட்டு வந்தவுக. கடைசிவரை ஊர் பேரச் சொல்லல. ஒரு தரம் அவுக சாஸ்தாவுக்குப் பொங்கிட்டேன்னா போதும் தம்பி. நாளைக்கு எம் பேரப்பிள்ளைக எங்கன போயி நிக்கும்?” என்றாள்.

சர்வேயர் அண்ணாச்சி தேடித்தேடி, பத்தமடை தாண்டி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்னச் சாஸ்தா கோயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் குடும்பத்திலும் ஒரு தம்பி ஓடிப்போயிருக்கிறார், பெயரும் ஒத்துப்போனது. ஆனால் அந்தப் பெயர் எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு ஒருவருக்கு உண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் அங்கே மூத்தவரான பிரமநாயகம் தாத்தா. ஓடிப்போனவருக்கு அண்ணன் மகன். கண் இரண்டும் தெரியாது.

அண்ணாச்சி சார்ட்டை விரித்ததும் தாத்தா சிரித்தார். “குருடன்கிட்ட தாளைக் காட்டுதீரே, வே. பேரு ஒத்துப்போனா எல்லாரும் பங்காளியா? கண்டவுக பானையை எங்க பானை பக்கத்துல வைக்க விடமாட்டேன்.”

சிவகாமியம்மாள் பித்தளைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழாததுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

“தாளு வேண்டாம் தாத்தா, ஆளையே நிறுத்துதேன். தொட்டுப் பாரும்” என்றார் அண்ணாச்சி.

கோயில் முன்னால் ஆள்கொடி வரைந்தாயிற்று. மேலே தாத்தாவின் அப்பா, பக்கத்தில் ஓடிப்போன தம்பி, அவர்களுக்கு நடுவில் ஒரு தங்கச்சி. அவள் சின்னப் பிள்ளையிலேயே போய்விட்டாளாம், எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படிப் போன பெண்ணைக் கன்னி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள்; ஓலைப்பெட்டியில் பட்டுப்பாவாடையும் வளையலும் வைத்துப் படைப்பார்கள். அவள் வட்டத்துக்கு ஆள்? அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஆறடி உயரம், கெடா மீசை. “ஏலே, போயி நில்லு” என்றார். நான் வெட்கப்படுவதுபோல் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டு போய் நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று.

உச்சி வெயில். மண்டை பொரிகிறது. தாத்தா ஒவ்வொருவராகத் தொட்டுப் பெயர் கேட்டுக்கொண்டே வருகிறார். என்னிடம் வந்தவர் பெயர் கேட்கவில்லை. கையை உயர்த்தி என் தலையைத் தடவினார். முகம் மாறிவிட்டது.

“ஏளா, தலையத் துவட்டாமலா வந்து நிக்க?” பொம்பளைப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற ‘ஏளா’.

தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, நாங்கள் துண்டை அப்படித்தான் சொல்வோம், பைய என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது என் பிடரியில் சில்லென்று தண்ணீர் வழிந்தது. நம்பினால் நம்புங்கள், நான் அன்றைக்கு ஆற்றுப் பக்கமே போகவில்லை. துவர்த்து நனைந்து சொட்டியது. ஆற்றுப் பாசி வாடை.

வேப்பமரத்தடியிலிருந்து சிவகாமியம்மாள் எழுந்து வந்தாள். “எங்க வீட்டுல கன்னிக்குப் பட்டு வைக்கப்படாது. காஞ்ச துண்டுதான் வைக்கணும். எங்க மாமியா அப்படித்தான் வைப்பாக.”

தாத்தாவின் கை நின்றது. “ஒங்க மாமியாளுக்கு அத யாரு சொன்னா?”

“மாமனார் சொன்னதாம். ஏன்னு கேட்டா மட்டும் எந்திரிச்சுப் போயிருவாகளாம்.”

தாத்தா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு அவளிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னார். “ரெண்டு அண்ணனும் அவளை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. தூக்கிட்டுத்தான் வந்தாக. எங்கப்பா சாகும்போது எங்கிட்ட மட்டும் சொன்னது.” துவர்த்தைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். “பானையைக் கொண்டா தாயி. எம் பானைக்கு அடுத்தாப்ல வையி.”

அவ்வளவுதான், கூட்டமே அடுப்புப் பக்கம் போய்விட்டது. சிவகாமியம்மாள் பானை பொங்கி வழிந்தபோது எழுந்த குலவையைக் கேட்டபடி, ஆளில்லாத ஆள்கொடியில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பக்தியால் அல்ல; ஈரப் பிடரியைத் தொட்டுத் தொட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் இடப்பக்கம், இடுப்பு உயரத்தில், சின்னப் பிள்ளைக் குரல் ஒன்று கேட்டது. கோபமில்லை, அழுகையில்லை. இடம் தெரியாமல் கேட்கிற குரல்.

“அண்ணே, அப்போ நான் எங்கன நிக்க?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீரன் ஓடியது அப்போதுதான். வேனுக்குள் புகுந்து சீட்டுக்கு அடியில் படுத்துவிட்டேன். சர்வேயர் அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்து, “வேர்வையா இருக்கும், லே” என்றார். “வேர்வை பாசி வாடை அடிக்குமா அண்ணாச்சி?” என்றேன். அவர் இலையில் கொண்டுவந்த பொங்கலை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். சீட்டுக்கு அடியில் படுத்தபடியே தின்றேன். நல்ல பொங்கல், பொய் சொல்லக்கூடாது.

சிவகாமியம்மாள் அந்த ஆடியில் காலமானாள். அவள் மகன் வருஷம் தவறாமல் குடும்பத்தோடு வருகிறான். சங்கம் போய்விட்டது, மாடியும் போய்விட்டது, அண்ணாச்சியும் போய்விட்டார். சங்கம் மட்டும் இருந்திருந்தால், அவர் வட்டத்தில் நான் நின்றிருப்பேன்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தத் தண்ணீர் அல்ல. எவன் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசுகிற எனக்கு, ஒரு பிள்ளை இடம் கேட்டபோது வாய் வரவில்லை. போன ஆவணியில் என் அண்ணன் மகள் கல்யாணம். குடும்பப் படத்துக்குப் பெரியவர்களாக வரிசையில் நின்றோம். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், உங்க இடப்பக்கம் நிக்குத பாப்பாவ கொஞ்சம் முன்னால வரச் சொல்லுங்க, மொகம் மறையுது.”

எங்கள் வரிசையில் பிள்ளைகள் யாரும் இல்லை. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“இருக்கட்டும்,” என்றேன். “அவ இங்கனயே நிக்கட்டும்.”