டூட்டி அக்காவின் வீட்டுக்காரர்

சுரங்க ரயில் நிலையத்தின் செக்யூரிட்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் அவர் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட ‘டூட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த இடத்தில், எந்த ஷிப்டில் நிற்பது என்று மாதாமாதம் முடிவுசெய்வது அவர். ஆள் குறையாமல் இருந்தால் மேலிடத்துக்குப் போதும். அக்காவுக்கு அது போதாது. ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, “உனக்கு எங்க வேணும்? ஏன்?” என்று கேட்பார். குடியை விட்டவனை மதுக்கடைப் பக்கத்து வாசலில் நிறுத்தமாட்டார். வாயும் வயிறுமாக இருந்த பெண்ணுக்குப் பைகளைச் சோதிக்கும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார். மாமியார் தினமும் கிழக்கு வாசல் வழியாகத்தான் வருகிறார் என்று ஒருவன் கெஞ்ச, சிரித்துக்கொண்டே அவனை மேற்கு வாசலுக்கு அனுப்பினார்.

ஊருக்கெல்லாம் இளகிய அந்த மனசு ஒரே ஒருவரிடம் மட்டும் கல்லாக இருந்தது. அவருடைய வீட்டுக்காரர். அவரும் அங்கேதான் செக்யூரிட்டி. அக்காவின் புருஷன் என்பதால் எல்லாருக்கும் மாமா.

மாமாவுக்கு எப்போதும் கீழ்த்தள பிளாட்பாரத்தின் கோடிதான். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் ரயில் பிரேக் பிடிக்கும் இடம் அது. பல் கூசுகிற சத்தம். யாரும் விரும்பிக் கேட்காத இடம். ஆனால் யாராவது நின்றாக வேண்டுமே!

“எனக்கு மேல டிக்கெட் கவுண்டர் பக்கம் குடேம்மா” என்று மாமா மாதாமாதம் கேட்பார்.

“உங்களுக்குக் குடுத்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? வெறும் வாயை மெல்லுறவங்களுக்கு அவல் வேற குடுக்கணுமா?” என்று அக்கா அடக்கிவிடுவார்.

“சரிதான். வீட்டுலயும் கடைசி, வேலையிலயும் கடைசி” என்று மாமா சிரிப்பார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. பிறகு மாமா கேட்பதையே நிறுத்திவிட்டார். மனுஷருக்குப் பழகிவிட்டது என்று அக்கா நிம்மதியாக இருந்தார். நல்ல நிம்மதி!

ஒரு விடுமுறை நாளில் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழே குக்கர் விசில் அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தீய்ந்த வாசனை வந்ததும் இறங்கி ஓடினார். அடுப்பங்கரையில், குக்கர் கைக்கெட்டும் தூரத்தில், மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, காது என்ன செவிடா?” என்று அக்கா வழக்கம்போலக் கத்தினார். மாமா திரும்பவே இல்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஓயாத இரைச்சலில் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போனது போனதுதான், இன்னமும் அங்கேயே நின்றால் மிச்சமும் போய்விடும் என்றார்.

வாசலுக்கு வந்ததும் அக்கா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். “காதுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

மாமா அக்காவின் உதட்டையே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மேல போடுன்னு மாசாமாசம் கேட்டேனேம்மா. நீதான் ஏன்னு கேக்கல.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நடுத்தெரு என்றும் பாராமல் அக்கா அழுதார்.

அடுத்த மாதம் மாமாவுக்கு டிக்கெட் கவுண்டர் பக்கம் டூட்டி. அக்கா மேலிடத்தோடு சண்டை போட்டுக் காதடைப்பான்கள் வாங்கினார். கீழ்க்கோடியில் இனி ஒருவரே நிற்க வேண்டாம், எல்லாரும் முறை வைத்து நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புது முறை தொடங்கிய அன்று இடைவேளை அறையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்குப் பயந்த அந்த மேற்கு வாசல்காரன்தான் ஆரம்பித்தான்: “புருஷன்னா மேல, நாமன்னா கீழ. நடத்துங்க, நடத்துங்க.”

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம். இதோ, வந்தேவிட்டது. வந்து என்ன ஆயிற்று? இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். மற்றவர்கள் டீயை ஊதிக் குடித்தார்கள். இந்த அற்பத்துக்கா அவர் காதைக் கொடுத்தோம் என்று அக்கா தன்னையே நொந்துகொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த மாமா, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தபடி, “என்ன சொல்றான்?” என்று கேட்டார்.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போனார். அறையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: “நான் என் புருஷனுக்குச் சலுகை காட்டுறேனாம்!”

மாமாவுக்குப் பாதிதான் விழுந்தது. “இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றார்.

அக்கா சொன்னார்.