அக்காவின் படகில் விஞ்ச் நின்ற நாள்

சுவிட்சை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்க வேண்டிய விஞ்ச் அசையவில்லை. அக்கா மறுபடி அழுத்தினாள். மறுபடி ‘டக்’. படகின் முனையில் குந்தியிருந்த நான் மோட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடுமில்லை, அதிர்வுமில்லை.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை படகுகளைப் பரிசோதிப்பார்கள். பதுளையிலிருந்து மகியங்கனைப் பக்கம் மலை இறங்கினால் வரும் குளங்களில் ஒன்றில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் மோட்டர் படகுகளில் அக்காவுடையதும் ஒன்று. குளத்தின் நடுவே பட்ட மரங்கள் நிற்கும் இடத்தில் பறவை பார்ப்பதற்காக நிறுத்துவார்கள். அங்கே நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது படகுக்காரர் சங்கத்தின் விதி. நங்கூரம் வேலை செய்யாத படகுக்குத் துறையில் இடம் இல்லை. அக்காவின் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு புதுப் படகு காத்திருந்தது.

மற்றப் படகுகளில் நங்கூரத்தைக் கையால்தான் இழுக்கிறார்கள். அக்காவால் அது முடியாது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள். அவளுடைய வலது கை இப்போது தோளுக்கு மேல் எழும்பாது. அதனால்தான் தெற்குக் கடற்கரையில் உடைத்து விற்ற ஓர் உல்லாசப் படகிலிருந்து இந்த விஞ்சை வாங்கி வந்து பூட்டினாள். விஞ்ச் இல்லையென்றால் அவளுக்கு நங்கூரம் இல்லை. நங்கூரம் இல்லையென்றால் படகும் இல்லை.

“மோட்டர் பத்திட்டுது தங்கச்சி,” என்று அக்காவிடம் சொன்னார் சங்கத் தலைவர். பதுளை டவுனில் கடையும் இங்கே மூன்று படகும் வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். “கடல்ல ஓடுற சாமான குளத்துல கொண்டாந்து போட்டா இப்பிடித்தான். பேசாம நங்கூரம் இழுக்க ஒரு ஆம்பளய வச்சிக்கோங்க.”

“ஆம்பளைக்குப் பதிலாத்தான் நானா இத வாங்குனேன்,” என்றாள் அக்கா. “இது சோறு கேக்காது.”

“இப்ப வேலையும் செய்யல்லயே!”

“அப்ப ஆம்பள மாதிரியே ஆயிருச்சு.”

பக்கத்துப் படகில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. நானாவும் சிரித்தார். ஆனால் போகும்போது, “நாளைக்கு இழுக்கல்லன்னா என்னால ஒண்டும் செய்யேலாது,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பதுளையிலிருந்து பல வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள் நான். மோட்டர் எரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், எரிந்ததை யார் பார்த்தார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். மின்சாரம் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பெட்டரியிலிருந்து மோட்டர் வரைக்கும் கரண்ட் போக ஒரு பாதை இருக்கிறது, திரும்பி வரவும் ஒரு பாதை இருக்கிறது. எந்த இடத்தில் அது தொலைகிறது என்று விசாரிக்கலாம்.

முதலில் சங்கிலியைச் சக்கரத்திலிருந்து கழற்றி, கயிற்றால் கட்டி வைத்தேன். சோதிக்கும்போது விஞ்ச் திடீரென்று சுற்றினால் விரல் போய்விடும். பிறகு எஞ்சின் பெட்டியில் கிடந்த மீட்டரை எடுத்தேன். பெட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். அக்கா சுவிட்சை அழுத்தியபோதும் அது இறங்கவில்லை. மோட்டர் இறுகிப்போயிருந்தால் பெட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கும். இங்கே யாரும் எதையும் குடிக்கவில்லை. மோட்டரின் இரண்டு முனைகளில் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னேன். மூன்று வோல்ட்.

“மிச்சம் எங்கடி போச்சு?” என்றாள் அக்கா.

“அதத்தான் தேடுறேன்.”

இன்னொரு படகுக்காரரிடம் தடித்த வயர் இரண்டு வாங்கி, பெட்டரியிலிருந்து நேராக மோட்டரின் முனைகளில் தொட்டேன். சக்கரம் கரகரவென்று சுற்றியது. துறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பத்துன மோட்டர் சுத்துது, வந்து பாருங்க நானா!” என்று அக்கா கத்தினாள். அவர் உண்மையிலேயே வந்தார்.

மோட்டர் குற்றவாளி இல்லை. மிஞ்சியவை வயர்கள். சிவப்பு வயரின் இரு முனைகளுக்கிடையே ஒரு சேதாரமும் இல்லை. கரண்ட் திரும்பி வரும் கறுப்பு வயரில் ஒன்பது வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. மோட்டர்ப் பக்கத்து நட்டைக் கழற்றினேன். வயரின் செம்பு வளையத்துக்கு அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பொருக்கு, அதன் ஓரமெல்லாம் பச்சை. சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

போன ஆயுதபூசைக்கு அக்கா விஞ்சைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுவியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, திரும்பப் பூட்டினாள். வயர்களின் முனைகளையும் அவள் விடவில்லை. செம்புக்கும் செம்புக்கும் நடுவில் பொட்டு. இறுக்கிப் பூட்டியதால் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. பிறகு ஈரம் சேர்ந்து செம்பைத் தின்றுவிட்டது.

“சாமிக்கு வச்ச பொட்டு கரண்டுக்கு ஆகல்ல போல!” என்றார் நானா. துறை சிரித்தது. ஒருவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இரண்டாவது தடவையும் சிரிப்பு எழுந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். “ஃபெக்டரியில வருசா வருசம் வைக்கிறாங்களேடி. அங்க எந்த மெசின் நின்னுச்சு?”

அவள் சொன்னது சரி. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுதபூசையன்று எல்லா மெசினுக்கும் சந்தனம் உண்டு. ஆனால் அது இரும்பு உடம்பில். வயர்கள் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன, சாவி வேறொருவரிடம் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கொழுந்து நிறுக்கும் தராசு வரைக்கும் வரலாம். பூசையன்று மட்டும் உள்ளே வந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். அத்தனை வருடத்தில் யாரும் அவளுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டவில்லை. இதை நான் துறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரிப்பு நின்றது. அக்காவுக்கு என் விளக்கம் அவசியமாக இருக்கவில்லை.

“சிரிச்சிட்டுப் போறாங்க. நாளைக்கு இழுக்குமா, இழுக்காதா?”

“இழுக்கும்.”

வயர் முனைகள் எல்லாவற்றையும் கழற்றி, செம்பு மினுங்கும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். இடது கையால் அவள்தான் அதிகம் தேய்த்தாள். பூட்டி, சங்கிலியை மாட்டி, சுவிட்சை அழுத்தியபோது விஞ்ச் சுற்றியது.

ஞாயிறு காலை நான் வந்து சேர்ந்தபோது, விஞ்சின் மூடியில் உள்ளங்கையளவு சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

“இன்னைக்கேவா?” என்றேன்.

“உள்ள வைக்கக் கூடாதுன்னு நேத்துக் கத்துக்கிட்டேன். வெளியில வைக்கக் கூடாதுன்னு எவனும் எனக்குச் சொல்ல வேணாம்.”

பரிசோதிக்க நானாவும் இன்னும் இரண்டு படகுக்காரரும் வந்தார்கள். மற்றப் படகுகளில் நங்கூரத்தை ஒரு தடவை போட்டு எடுக்கச் சொன்னார்கள். அக்காவிடம் மூன்று தடவை கேட்டார்கள். பெட்டரி தாங்குமா என்று பார்க்கிறார்களாம். மூன்று தடவையும் சங்கிலி பாசியோடு ஏறி வந்தது.

“சரி, போதும் தங்கச்சி,” என்றார் நானா.

“எனக்குப் போதாது,” என்று சொல்லிவிட்டு அக்கா நங்கூரத்தை நாலாவது தடவையாக இறக்கினாள். அது அடியைத் தொடும்வரை நின்றாள். துறையைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை அழுத்தினாள். சங்கிலி ஏறி வந்தது. நானா தலையை ஆட்டியபடி சிரித்தார்.

பிறகு எஞ்சினைப் போட்டுத் தன் இடத்துக்குத் திருப்பினாள். அங்கே அந்தப் புதுப் படகு அதற்குள் கயிறு கட்டி நின்றது. கயிற்றை அவிழ்த்து அது பின்வாங்கும்வரை அக்கா எஞ்சினை அணைக்கவில்லை.