கழுவக் கழுவக் கூடிய அரிப்பு

றஜிதாவுக்கு உலகத்தில் முக்கால்வாசி அருவருப்பு. நிலாவெளியில் ஒரு சுற்றுலா விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது இல்லாமல் எப்படி இருக்கும்? கடல் பார்க்க வந்தவர்கள் கட்டிலில் விட்டுப்போனதையெல்லாம் அவள்தான் முதலில் பார்ப்பாள். மூக்கைச் சுளித்துக்கொண்டே விரிப்பை உதறி, கறையைக் கண்டுபிடித்து, ஊறவைத்துத் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவாள். தேய்த்தால் போகாத கறை கிடையாது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளின் உள்ளாடையில் ஒருநாள் திரைந்த பால் போல வெள்ளைக் கட்டிகள். கூடவே உட்கார விடாத அரிப்பு, சிறுநீர் கழித்தால் எரிவு. சீ என்று போய்விட்டது அவளுக்கு. விடுதி விரிப்பென்றால் கையுறை போட்டுக்கொள்ளலாம். சொந்த உடம்பை எங்கே கழற்றி வைப்பது?

இது தன்னுடையதாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினாள். இறக்கக்கண்டியிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டும் புருஷன் ஜெயந்தன்தான் வழியில் எங்கோ படுத்தெழும்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் வந்தது. அவன் பாயை விறாந்தையில் போட்டாள். அவன் உடுத்துக் கழற்றிய சாரத்தைத் தடியால் தூக்கி வேறு வாளிக்குள் போட்டாள். சாப்பாட்டுக் கோப்பையும் வேறாயிற்று.

"கண்டவளிட்டப் பிடிச்ச ஊத்தையை என்ர வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவன் விழித்தான். பிறகு பேசாமல் விறாந்தைக்குப் போனான். அந்தப் பேசாமை அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

தனக்கோ, தெரிந்த ஒரே வைத்தியம் தேய்ப்பு. வாசனைச் சவர்க்காரம், உப்புத் தண்ணீர், தேசிக்காய், கடைசியில் தரை கழுவும் கிருமிநாசினி வரை கலக்கி உள்ளே விட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ அரிப்புக் கூடியது. தோல் வெந்து, கால்களை அகட்டி நடந்தாள். ஈரப் பாவாடையோடு நாள் முழுக்க நின்று வேலை செய்வதைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

நடக்க ஏலாமல் போனபிறகுதான் ஒரு பெண் டொக்டரிடம் போனாள். பரிசோதிக்கும்போது வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டொக்டர் மூக்கைச் சுளிக்கவில்லை. பஞ்சில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, அண்மையில் ஏதும் மருந்துக் குளிசை குடித்தாளா என்று கேட்டார். பல் வீங்கி அன்ரிபயோட்டிக் குடித்ததை றஜிதா சொன்னாள்.

"இது பூஞ்சணத் தொற்று. அநேகமான பொம்பிளையளுக்கு ஒருக்காலாவது வாறதுதான். உள்ளுக்க எப்பவும் கொஞ்சம் இருக்கும். அதை அடக்கி வைச்சிருந்த நல்ல கிருமியளைக் குளிசை கொண்டுபோட்டுது. மிச்சத்தை நீங்கள் கழுவிப்போட்டியள்."

"அப்ப, இவர் கொண்டுவந்ததில்லையோ?"

"இல்லை. இது உங்களுக்குள்ளயே கிளம்பினது."

உள்ளே வைக்கும் குளிசையும் வெளியே பூச மருந்தும் எழுதிக்கொடுத்தார். உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது, வெளியே வெறும் தண்ணீர் போதும் என்றார். பருத்தி உள்ளாடை போட்டு, ஈரமானால் உடனே மாற்றச் சொன்னார். திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

மருந்து வேலை செய்யட்டும், பிறகு அவனிடம் சொல்லலாம் என்று றஜிதா வீம்புக்கு இருந்தாள். சில நாளில் அரிப்பு அடங்கியது. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பின்னேரம், விறாந்தையில் அவன் சாப்பிட்டு முடித்த நேரம், பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் போய் இரத்தம் குடுத்துச் சோதிச்சனான். ஒண்டும் இல்லையாம்" என்றான். "நான் ஒருத்தியோடயும் போகேல்லை. எண்டாலும் உன்ர முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே என்னில சந்தேகம் வந்திட்டுது."

றஜிதா எழும்பினாள். தன் கோப்பையோடு சேர்த்துக் கழுவலாம் என்று அவன் கோப்பைக்குக் கை நீட்டினாள். அவன் வெடுக்கென்று அதைப் பின்னுக்கு இழுத்தான்.

"தொடாத. ஊத்தை. நானே கழுவுறன்."

கோபத்தில் சொல்லவில்லை, பழகிப்போய்ச் சொன்னான். கிணற்றடிக்குப் போய், அவள் தேய்ப்பது போலவே, அந்தக் கோப்பையைத் தேய் தேய் என்று தேய்த்தான். றஜிதாவுக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது.