இருபத்திரண்டாவது வரி

அந்த அட்டவணையை நான் இன்னும் அழிக்கவில்லை. இருபத்துமூன்று வரிகள், நான்கு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ஒரு பேக்கெண்ட். கைப்பேசியில் ஆப் என்று நாம் பார்ப்பது கடையின் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் ஒரு சரக்கறை இருந்து, விவரங்களை வாங்கி அடுக்கி, கேட்டபோது எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் பேக்கெண்ட். நான்கில் எதை எடுப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது அந்த அட்டவணையைத் திறந்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

வேலை என்னவோ சின்னதுதான். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. என் அக்கா அங்கே வேலை பார்க்கிறாள். எந்த ரூமில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ஓர் ஆப் வேண்டும். அவ்வளவுதான்.

முதலாளி கேட்டுச் செய்ததல்ல அது. நானே போய்ச் சொன்னது. சில வருடங்களுக்கு முன் அக்கா வேறொரு கம்பெனியில் இருந்தபோது அங்கே வெடித்துவிட்டது. நானும் அக்கா வீட்டுக்காரரும் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றோம். உள்ளே எத்தனை பேர் என்று ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார், அடுத்தவர் வேறு சொன்னார். அக்கா எந்த ரூமில் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அன்று காலைதான் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்களாம். தலையெல்லாம் புழுதியோடு அவள் நடந்து வந்தாள். எங்களோடு நின்ற எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி ஒருத்தர் நடந்து வரவில்லை. அந்த இரண்டு மணி நேரம் இன்னொரு தடவை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

இந்தக் கம்பெனி முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். விருதுநகரில் அவர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் உடனே சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“தம்பி, போன சீசன்ல எங்க ஆர்டர் பூராவும் ஒரு கம்பெனிக்காரன் சர்வர்ல கெடந்துச்சு. தீவாளிக்கு இருவது நாள் இருக்கையில பூட்டிட்டான். என்னமோ புது விதியாம். போன் போட்டா ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்குங்கான். வாடகை வீட்டுக்குச் சாவி அவன் கையிலல்ல இருக்கு? எனக்குச் சொந்த வீடு வேணும். கண்ணு முன்னால இருக்கணும்.”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் பேக்கெண்ட் ஒன்றை எடுத்து, நம் இடத்தில், நம் பெட்டியிலேயே ஓட்ட வேண்டும் என்பதைத்தான் அவர் பாஷையில் சொன்னார். நானும் பெரிய ஆள் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கே ஆரம்பித்தது.

சூலக்கரையில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தேன். முதலாவது ஒரே ஒரு கோப்பு. இறக்கி ஓட்டினால் போதும், ஓடிவிடும். ஆகா என்று சந்தோஷப்பட்டு விளக்கத்தைப் படித்தால், ‘இது இன்னும் முழுமையடையவில்லை, எப்போது வேண்டுமானாலும் எதுவும் மாறலாம்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரண்டாவது அதற்கு நேரெதிர். பன்னிரண்டு துண்டுகளாக வந்து இறங்கியது. ஒன்று எழுந்தால் இன்னொன்று படுத்தது. என் மடிக்கணினி மாவுமில் போலச் சத்தம் போட்டது. மூன்றாவதற்கு இருந்த விளக்கமெல்லாம் மூன்று பதிப்புக்கு முந்தையது. அதில் சொன்ன பொத்தான் எதுவும் திரையில் இல்லை. நான்காவது அழகாக ஓடியது. ஆனால் எனக்கு வேண்டிய ஒரே ஒரு வசதியை மட்டும் பூட்டிவைத்து, அதற்குத் தனியாகச் சந்தா கட்டச் சொன்னது. அண்ணாச்சி பயந்த அதே சாவிதான், வேறு கொத்தில்.

அந்த நான்காவதைச் செய்தவர்களின் இணைய மன்றத்தில் போய் ஒரு கேள்வி கேட்டேன். ‘விளக்கத்தைப் படிக்கவும்’ என்று ஒருவர் பதில் போட்டார். படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று எழுதினேன். ‘எங்கள் கிளவுடையே பயன்படுத்தலாமே’ என்றார் இன்னொருவர், அதாவது மறுபடியும் வாடகை வீடு. மூன்றாவது ஆள் கேள்வியையே மூடிவிட்டார். நான் வாய்விட்டுத் திட்டினேன். கீழே சமையலறையிலிருந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள்.

அறிவிப்பு அனுப்புவது இன்னொரு தலைவலி. பேக்கெண்டைச் சொந்தப் பெட்டியில் வைத்தாலும், ‘டிங்’ என்று கைப்பேசியில் வந்து விழும் அறிவிப்பு பெரிய கம்பெனிகளின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதை அண்ணாச்சிக்கு விளக்கினேன்.

“அப்ப வீடு நம்மது, கடுதாசி மட்டும் அவன் வீட்டு வாசல் வழியாத்தான் வருமாக்கும்?”

“ஆமா அண்ணாச்சி.”

“நல்ல சொந்த வீடு கட்டுனீக, போங்க!”

இந்த அவஸ்தையில் பிறந்ததுதான் அட்டவணை. பாதுகாப்பு, வேகம், பேக்கப், தமிழ் எழுத்து சரியாக வருமா, புதுப்பிப்பது எளிதா என்று ஒவ்வொரு வரியிலும் நான்குக்கும் மதிப்பெண் போட்டேன். இருபத்திரண்டாவது வரி, ‘இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யுமா?’ ஒரே கோப்பாக வந்த அந்த முதலாவது பேக்கெண்டுக்கு அதில் சைபர். விவரம் முழுவதும் சர்வரில்தான் இருக்கும், கையிலிருக்கும் கருவி எதையும் வைத்துக்கொள்ளாது. அதைச் செய்ய வேண்டுமென்றால் நான் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் நான் தட்டிய குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது: ‘தேவையில்லை. சர்வர் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.’ மற்ற வரிகளில் அது முந்திவிட்டது. அதையே எடுத்தேன்.

கேட்டை ஒட்டிய ஆபீஸ் ரூமில் சர்வர் பெட்டியை வைத்தோம். அதுவரை அந்தச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. ரூம் எண்களும் அவற்றுக்கு நேரே ஆட்களின் பெயர்களும் சாக்பீசில் இருக்கும். ஆளை மாற்றினால் போர்மேன் வந்து அழித்து எழுதுவார். இனி எதற்கு என்று நான்தான் அதைக் கழற்றினேன். மேசை ஆடியதால் அதையே சர்வருக்கு அடியில் பலகையாகப் போட்டேன். பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சரம் சுற்றினார்கள். காம்பவுண்டுக்குள் நெருப்பு ஆகாது என்பதால் சூடம் மட்டும் ஏற்றவில்லை.

தொழிலாளிகள் யாரும் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மரத்தட்டு உண்டு, புறாக்கூண்டு போல் நம்பர் போட்ட அறைகளோடு. காலையில் வந்ததும் அவரவர் நம்பரில் வைத்துவிட்டுப் போவார்கள், வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஆப் ஓடுவது ஆபீசில் இருக்கும் சிலேட்டு அளவு டேபிலும் விருதுநகரில் அண்ணாச்சியின் கைப்பேசியிலும் மட்டும்தான். போர்மேன் ஆளை மாற்றினால் வந்து சொல்வார், வாட்ச்மேன் டேபில் அமுக்குவார். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. அக்கா பெயர் ஐந்தாம் ரூமில் பச்சையாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். ஒரு சின்னத் திருத்தம் செய்வதற்காகப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திடீரென்று சாத்தூர் பக்கம் கறுத்து, ஓர் இடி இடித்தது. தூரத்து இடிதான். வாட்ச்மேன் எழுந்தார், நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் மெயினை இறக்குவார்கள். கைமணியை அடிப்பார்கள். ஆட்கள் போட்டது போட்டபடி ரூமை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். சிறு வயதிலிருந்தே தெரியும். சர்வருக்கு ஒரு பேட்டரி வைக்கலாமா என்று நான் கேட்டபோதுகூடப் போர்மேன் சொல்லியிருந்தார்: “அதெல்லாம் இங்கன ஆகாது தம்பி. இடி நேரத்துல வயர் மாட்டுன கரண்டு சாமான் ஒன்னும் உசுரோட இருக்கப்படாது.” கேட்டேன், தலையாட்டினேன், பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தேன். மேலே ஒரு அடி யோசிக்கவில்லை.

சர்வரின் விளக்கு அணைந்தது. தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாத டேபில், சர்வரைத் தேடி ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

பெண்கள் கூட்டமாக வந்து கேட்டுக் கொட்டகையில் நின்றார்கள். கையெல்லாம் வெள்ளிப்பொடி. மழை சடசடவென்று இறங்கியது. ஒவ்வொருவராக மரத்தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். போர்மேன் நனைந்துகொண்டே வந்தார்.

“எல்லாரும் வந்தாச்சா? தம்பி, அதுல பாத்துச் சொல்லுங்க.”

நான் டேபைப் பார்த்தேன். வட்டம் சுற்றியது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் வட்டம். நான் பார்க்க வேண்டிய முகத்தைக் கொட்டகையில் தேடினேன். காணோம்.

“அண்ணே, அக்கா எங்க?”

“ஐஞ்சுலதான...” என்று சொல்லி நிறுத்தினார். “இல்ல. இன்னைக்கு எட்டு பேரு லீவு. மூணு தடவ ஆளை மாத்துனேன் தம்பி. கடைசியா எங்கன போட்டேன்னு... அதான் அதுல அமுக்கச் சொன்னேன்ல? பாருங்க!”

வாட்ச்மேனுக்கும் நினைவில்லை. அவர் அமுக்கியதோடு சரி. போர்மேன் மழையில் ஐந்தாம் ரூமை நோக்கி ஓடினார். அடுத்த இடி பக்கத்தில் விழுந்தது.  என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் என் கைப்பேசியை எடுத்து அக்கா நம்பரை அழைத்தேன்.

என் காதுக்குப் பின்னாலேயே மணி அடித்தது. மரத்தட்டில், முப்பத்தேழாம் நம்பரில், அவளுடைய கைப்பேசி. தட்டு முழுக்கக் காலியாகி அது ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. திரையில் ‘தம்பி’ என்று மினுங்கியது. கொட்டகையில் எல்லாரும் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அழைப்பைத் துண்டிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை; மணி நின்றபோதெல்லாம் விரல் தானாக மறுபடி அமுக்கியது. பழைய கேட்டில் நின்ற அந்த இரண்டு மணி நேரம் அப்படியே திரும்பி வந்து நின்றது. இந்தத் தடவை அதை உண்டாக்கியவன் நான்.

ஐந்தில் யாரும் இல்லை என்று போர்மேன் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். பதினாறு ரூம்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. எந்தப் பக்கம் ஓடுவது?

அவள் கடைசிக் கோடியிலிருந்து வந்தாள். பன்னிரண்டாம் ரூம் பக்கத்திலிருந்து, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். காயப்போட்டிருந்த சரக்கு நனையுமே என்று தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வருகிறாளாம். போர்மேனுக்கு வந்ததே கோபம்.

“மணி அடிச்சா வரணும்னு தெரியாது? சரக்கா பெருசு? உனக்கு எம்புட்டுக் கொளுப்பு?”

அவள் சாக்கை உதறிக் கீழே போட்டாள். அவளுடைய கைப்பேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏலே, இங்கன நின்னுக்கிட்டு எதுக்கு எனக்குப் போன் போடுத?”

 கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து டேபைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். விருதுநகரிலிருந்து அண்ணாச்சி அழைத்தார். “என்ன தம்பி, ஆப்புல ஒன்னுமே காங்கல? வட்டமா சுத்துது?” ஆமாம் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன்.

மழை வெறித்து, இடி அடங்கி, வாட்ச்மேன் மெயினைத் தூக்க முக்கால் மணி நேரம் ஆனது. சர்வர் எழுந்தது. டேபில் வட்டம் நின்று ரூம்கள் வரிசையாக வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. பன்னிரண்டாம் ரூமில் அக்காவின் பெயர் பச்சையாக இருந்தது. பக்கத்தில் ‘உள்ளே’ என்று எழுதியிருந்தது.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். சிரித்தாள்.

“நான் இங்கன நிக்கேன். நீ என்னைய இன்னும் உள்ளயே வச்சிருக்கியேலே.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் ‘வெளியே’ என்பதை அமுக்கினேன். விரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை ஏற்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். பிறகு சர்வரைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அடியிலிருந்த கரும்பலகையை எடுத்துத் துடைத்தேன். வாட்ச்மேனிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவர் அதைத் தூரப் போட்டிருக்கவில்லை.