பின்னால் நின்றவர்

டிராயிங் சார் இறந்த மறுமாதம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. ஓவிய அறைச் சுவரில் அவரைப் பெரிதாக வரையப் போகிறார்கள், முகம் சரியாக வருகிறதா என்று கூட இருந்து சொல்ல வேண்டுமென்று பெரிய டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். சாரின் தங்கை உடனே சரி என்றாள். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ். அவளைவிட வேறு யார் அந்த முகத்தைச் சொல்லிவிட முடியும்?

வரைய வந்தவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு காலத்தில் சாரிடம் படித்தவர், இப்போது காதோரம் நரைத்திருந்தது.

"போட்டோ ஏதாச்சும் இருக்கா அக்கா?"

இருந்தது. அடையாள அட்டையில் பள்ளி முத்திரை சரியாக மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. வகுப்புப் படம் ஒன்றில் ஒரு பிள்ளையின் காலரைச் சரிசெய்யக் குனிந்திருந்தார். இன்னொன்றில் திரும்பி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் 'ரெடி' சொல்லும் நேரத்துக்கு அவர் ஒருநாளும் ரெடியாக இருந்ததில்லை.

"பரவாயில்ல, மனசுலயே இருக்கு" என்று பெயர்ப்பலகைக்காரர் கரித்துண்டை எடுத்தார்.

ஒரு முகம் வந்தது. கூட்ட வந்த பியூன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "யாரு இது, கணக்கு சாரா?"

"வாயை மூடுங்கண்ணே."

"நான் மூடிக்கிறேன். கணக்கு சார் பாத்தாருன்னா, இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு மனு குடுப்பாரு."

அடுத்த முகம் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதற்கடுத்தது யார் மாதிரியும் இல்லை. துடைத்துத் துடைத்துச் சுவரே சாம்பலாகிவிட்டது.

"நீங்களே சொல்லுங்கக்கா. மூக்கு நீளமா, சப்பையா?"

தங்கை கண்ணை மூடிப் பார்த்தாள். சாயம் பட்ட சட்டைக்கை தெரிந்தது, செருப்புச் சத்தம் கேட்டது, முகம் வரவில்லை. சாப்பிடும்போது அவர் பேப்பரைப் பார்ப்பார், இவள் தட்டைப் பார்ப்பாள். சண்டையென்றால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் குழாயும் பிளாஸ்திரியும் பாதி மூடிய முகம் ஒன்று இருந்தது. எப்போது நினைத்தாலும் அதுதான் குறுக்கே வந்து நின்றது. அதைப் போய்ச் சொல்ல மனசில்லை. ஆள்தான் போனார் என்றிருந்தாள்; முகமும் சேர்ந்து போயிருந்தது.

"மூக்கு... சாதாரண மூக்குதான் தம்பி."

பெயர்ப்பலகைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் அதே கதைதான் அக்கா. யோசிச்சா குரல்தான் வருது. அதுவும் காதுக்குப் பின்னாலேருந்து."

உண்மைதான். சார் பிள்ளைகளுக்கு எதிரே நிற்கவே மாட்டார். முன்னால் நின்றால் பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போடும் என்பார். மீறித் திரும்பினால், "என் மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு? அங்க பாரு." அவர்கள் காகிதத்தில் தன் பென்சிலை வைத்ததே இல்லை. கையைப் பின்னால் கட்டிக் குனிந்து, "போதும், வந்துடுச்சு. பென்சிலைத் தூக்கு" என்பார், அவ்வளவுதான். கோடே வராத பிள்ளைக்கும் என்றைக்காவது அது கிடைக்கும். துக்கம் கேட்க வந்த தையற்காரர், பஸ் ஓட்டுகிறவர் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊசி போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போது இன்னும் அது காதில் விழுகிறது என்றாள் ஒரு நர்ஸ்.

"அப்போ பின்னாலேருந்தே போடுங்க" என்றாள் தங்கை.

"முதுகையா? பெரிய டீச்சர் என் முதுகுல ரெண்டு வைப்பாங்க. அதோட, சாரைப் பின்னாலேருந்து நான் எங்கக்கா பாத்தேன்?"

"நான் பாத்திருக்கேன்."

கரி மறுபடி ஓடியது. பெஞ்சின் மேல் குனிந்த முதுகு, பின்னால் கட்டிய கை, பிடரி. தங்கை எழுந்து கிட்டே போனாள்.

"முடி அங்க நேரா நிக்காது. இடது பக்கம் ஒரு சுழி, கீழ இறங்கி வரும். காது ரெண்டும் ஒண்ணு போல இல்ல, வலது கொஞ்சம் விலகி நிக்கும். கழுத்துல ரெண்டு மடிப்புதான். ஒண்ணை எடுத்துடுங்க."

சலூனுக்குப் போகச் சோம்பல்படுகிற அண்ணனுக்கு மாதாமாதம் பிடரி முடியை வெட்டி ஒதுக்கிவிட்டவள் அவள். ஸ்டூலைப் போட்டு, துண்டைப் போர்த்தி. "சீக்கிரம் முடியேன்" என்பார் அவர். "ஆடாம இருந்தா முடியும்" என்பாள் இவள். சில மாதங்களில் அவர்கள் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

பியூன் திரும்பி வந்து பார்த்தார். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனார்.

"சரியா அக்கா? பெயின்ட் எடுத்துடலாமா?"

சரியாகத்தான் இருந்தது. கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒருத்திக்கு மட்டும் அரிசி அளக்க வேண்டும்.

"தோள்..." என்றாள். "இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கணுமோன்னு தோணுது."

பெயர்ப்பலகைக்காரர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோள் ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது.

"நீங்க உக்காருங்கக்கா, நிதானமா பாத்துப் பண்ணலாம்" என்று சொல்லி, கரித்துண்டை உரசி முனை எடுக்க ஆரம்பித்தார்.