அழுத்தாத சிவப்பு ஸ்விட்ச்

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்குக் கடவுள் பைத்தியம். பைத்தியம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் வேறு என்ன சொல்ல? லீவு கிடைத்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மலைமேல் இருக்கிறார் என்றால் மலை, கடலோரம் இருக்கிறார் என்றால் கடல். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். "எல்லாரும் இருந்தாங்க, அவர் மட்டும் இல்ல" என்பார்.

அவர் மனைவி அவர் வேலை பார்க்கிற அலுவலகக் கட்டடத்திலேயே தரை துடைக்கிறவள். கடவுளை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தவள்.

திடீரென்று அவர் ஊர் சுற்றுவதை நிறுத்தினார். சாப்பாட்டில் ருசி வந்தது, முகத்தில் களை வந்தது. அப்பாடா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்புக்கு ஆயுசு குறைவு.

ஒருநாள் கீழ்த்தளத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மேலே இருந்தது. இவர் சாவி போட்டுக் கதவைத் திறந்து, அடியிலிருக்கிற குழிக்குள் இறங்கி, உள்ளிருந்தபடியே கதவை இழுத்து மூடிக்கொண்டார். பழுது பார்ப்பதாகப் பலகை மாட்டவில்லை. அது பழைய லிஃப்ட். கீழே வந்தால் குழியில் உட்கார்ந்திருக்கிறவரின் தலை தப்பாது. அதற்காகத்தான் குழிச் சுவரில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அதை அழுத்தினால் லிஃப்ட் நகராது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்த ஸ்விட்ச அழுத்திட்டுத்தானே உக்காந்தீங்க?"

"இல்ல."

"ஏங்க?"

"அழுத்திட்டா என்னைக் காப்பாத்துறது ஸ்விட்சுதானே. அவருக்கு அங்க என்ன வேலை?" குரல் அமைதியாக இருந்தது. "விளக்கை அணைச்சிட்டு இருட்டுல உக்காந்திருப்பேன். மேல கயிறு ஆடும். அப்ப வர்றாரு. பக்கத்துல வந்து நிக்கிறாரு."

முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். வேலை போனாலும் வேறொரு குழி தேடிப் போகிற ஆள். அழுதாள், திட்டினாள். கேட்கிற காதா அது?

கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது என்பதை அவருடனேயே குடித்தனம் நடத்திக் கற்றவள் அவள். அதன்பிறகு அவர் குழிப்பக்கம் நடந்தாலே, இவள் மாடிக்கு ஓடி, லிஃப்ட் கதவுக்கு நடுவில் தண்ணீர் வாளியை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அவசரக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தரை தேய்ந்துபோகும் அளவுக்குத் தேய்த்தாள்.

ஒரு சாயங்காலம் அவர் பளபளவென்ற கண்களோடு வந்தார். "இன்னைக்கு நல்லா தெரிஞ்சுது. லிஃப்ட் இறங்கப் பாத்துச்சு, அவர் பிடிச்சு நிறுத்திட்டாரு. நாளைக்கு எதிர்க் கட்டடத்துல வேலை. அங்கயும் பழைய லிஃப்ட்தான், கட்டடம் இன்னும் உசரம். அங்கயும் உக்காருவேன்."

எதிர்க் கட்டடத்தில் அவளுக்கு வேலை கிடையாது. இனி மறைத்துப் பயனில்லை.

"அவர் இல்லைங்க. நான்தான் நிறுத்தினேன். இத்தனை நாளும் மேல வாளிய வெச்சுக்கிட்டு நின்னது நான்."

அவர் உடைந்துபோவார் என்று பயந்தாள். அவர் சிரித்தார். அவளுடைய கொப்புளம் போட்ட உள்ளங்கையை எடுத்துத் தடவிக்கொடுத்தார்.

"சரி. உன்னை அங்க அனுப்பினது யாரு?"

அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் அவள் கண் விழிக்கும்போது அவர் கிளம்பிப் போயிருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். எதிர்க் கட்டடத்து வாசலில் காவலாளி குறுக்கே நின்றார்.

"இங்க உனக்கு வேலை இல்லையேம்மா."

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு. லிஃப்ட நிறுத்தச் சொல்லுங்க."

"அவர் அப்பவே வந்தாரு. பலகை எதுவும் மாட்டலயே, லிஃப்ட் ஓடுதே."

காவலாளியின் தோளுக்கு மேலாக அவள் பார்த்தாள். லிஃப்ட் கதவின்மேல் மாடி எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் தரையெங்கும் பரவியது. கால் வழுக்கி விழுந்தாள். கதவு எட்டவில்லை.

கடவுளை ஒருநாளும் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள், எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல், ஈரத்தரையில் கிடந்தபடி சொன்னாள்.

"எங்க இருந்தாலும் சரி, இப்ப வந்து தொலை."